விருந்தா, உரிமையா?

வவுனியா பம்பைமடுவில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிருந்து 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல், விவசாய பீடங்களிலும் தமிழ் மாணவரோடு சிங்கள, முஸ்லிம் மாணவரும் பயில்கின்றனர். கடல் கடந்து வராதவராயினும், கடையிலும் பஸ்ஸிலும் பேசும் மொழி விளங்காத சிங்கள மாணவர் இங்கு அந்நியர்போலவே வந்திறங்குகின்றனர். அவர்களுக்குத் துணை நிற்பது நமது பெருந்தன்மையா, கடமையா?

வந்தாரை வாழவைப்பது வன்னி என்று பெருமை பேசுகிறோம். நல்லதே. ஆயினும் விருந்தோம்பலில் ஒரு குறை உண்டு: விருந்தினன் வீட்டாரின் மனநிலைக்குக் கட்டுப்பட்டவன். இன்று உபசரித்தவர் நாளை கதவடைக்கலாம். 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரவேற்பு விழாவில் கண்டிய நடனம் குறித்து எழுந்த பூசல் கைகலப்பாயிற்று. அதன் அடியில் கிடந்த வினா, இவ்விடம் யாருடையது என்பதன்றோ?

1970களின் தொடக்கத்தில், தமிழ்மொழி மூலம் பயின்றோரிடம் பல்கலைக்கழக அனுமதிக்குக் கூடுதல் புள்ளிகள் கோரப்பட்டபோது நாம் கேட்டது கருணையன்று, உரிமை. இன்று பேராதனையிலும் கொழும்பிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்குக் கோருவதும் அதுவே. அவ்வுரிமை இங்கு வருவோர்க்கும் உரியது.

ஆகவே, புதிய மாணவர்க்குத் தேவை வரவேற்பு மாலை மட்டுமன்று. தம் மொழியில் அறிவித்தல், தங்க அறை, பகிடிவதையிலிருந்து பாதுகாப்பு, மாணவர் ஒன்றியத்தில் சமகுரல். இவற்றை இரந்து பெறவேண்டாத நிலையில்தான் கல்விக்கூடம் ஒரு சமூகமாகிறது.