கடைக்கு வராத இசைத்தட்டு

பிக் ஸ்டார், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 1971-இல் உருவான ராக் இசைக்குழு. கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ் என்ற நால்வரும் சேர்ந்து செய்த முதல் தொகுப்பு ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ 1972-இல் வெளியானது. விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள். சில பண்பலை நிலையங்கள் பாடல்களை ஒலிபரப்பவும் செய்தன. கேட்டுப் பிடித்துப்போய்க் கடைக்குப் போனவர்களுக்கோ தட்டு கிடைக்கவில்லை. விற்பனைப் பொறுப்பை ஏற்றிருந்த ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் விநியோகம் அவ்வளவு பலவீனமாக இருந்தது. பிறகு விநியோகம் கொலம்பியா நிறுவனத்தின் கைக்கு மாறியும் நிலைமை தேறவில்லை. 1974-இல் வந்த ‘ரேடியோ சிட்டி’க்கும் அதே கதிதான். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஸே திவாலானது. குழு அதற்கு முன்பே கலைந்திருந்தது.

முழு மனதோடு செய்த வேலை உரியவர்களிடம் போய்ச் சேராவிட்டால் அது தோல்வியா? சில்டனின் வாழ்க்கையை வைத்தே இதை யோசிக்கலாம். 1967-இல், பதினாறு வயதில், தி பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காக அவர் பாடிய ‘தி லெட்டர்’ நான்கு வாரங்கள் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அது வேறொருவர் எழுதித் தந்த பாடல். பிக் ஸ்டாரில் அவர் தாமே எழுதினார். ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ போன்ற நுட்பமான பாடல்கள் அப்போதுதான் பிறந்தன. ஆற்றல் வளர்ந்தபோது புகழ் குறைந்தது. அப்படியானால் விற்பனையைக் கொண்டு ஆற்றலை அளப்பது எவ்வளவு பெரிய தவறு!

அந்த அளவுகோலின் பாரத்தை அதிகம் சுமந்தவர் கிறிஸ் பெல். முதல் தொகுப்பு விலைபோகாத வேதனையில் மனம் சோர்ந்து, அதே ஆண்டு குழுவை விட்டு விலகினார். 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 27. கிடங்கிலும் லாரியிலும் நேர்ந்த குறைக்குப் பாட்டு எழுதியவர் துயரப்பட்டார். தம் கையில் இருந்த வேலையை அவர் குறைவின்றிச் செய்திருந்தார் என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

1980-களில் நிலைமை மெல்ல மாறியது. ஆர்.இ.எம். குழுவினர் பிக் ஸ்டாரைத் தங்கள் முன்னோடியாகச் சொன்னார்கள். தி ரீப்ளேஸ்மெண்ட்ஸ் குழு 1987-இல் ‘அலெக்ஸ் சில்டன்’ என்றே ஒரு பாடலை வெளியிட்டது. அன்று கல்லூரி மாணவர்கள் நடத்திய சிறு வானொலிகள் விற்பனைப் பட்டியலைப் பாராமல், தங்களுக்குப் பிடித்த இசையை ஒலிபரப்பின. அப்படியொரு நிலையம்தான் மிசௌரி பல்கலைக்கழகத்தின் கே.சி.ஓ.யு. அதன் மாணவர்கள் கேட்டுக்கொண்டதால் 1993 ஏப்ரலில் அந்த வளாகத்தில் பிக் ஸ்டார் மீண்டும் மேடையேறியது. சில்டன், ஸ்டீஃபன்ஸ் இருவரோடும் தி போசீஸ் குழுவின் இரண்டு இளைஞர்கள் வாசித்தார்கள். பிக் ஸ்டாரின் பழைய தட்டுகளை நேசித்து வளர்ந்தவர்கள் அவர்கள். பத்து ஆண்டுகள் கழித்து ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட தலைசிறந்த 500 தொகுப்புகளின் பட்டியலில், பிக் ஸ்டார் எழுபதுகளில் பதிவுசெய்த மூன்று தொகுப்புகளுமே இடம்பெற்றன.