பிறருக்குச் சொன்ன சொல்: வங்கி வழக்கறிஞரின் கருத்துரையும் உரையளவையும்

வீட்டுக்கடன் பெற்று மனையோ வீடோ வாங்குகின்றவர், பெரும்பாலும் தாம் தேர்ந்தெடுக்காத ஒரு வழக்கறிஞரின் சொல்லை நம்பியே தம் வாழ்நாள் சேமிப்பைக் கைமாற்றுகிறார். வங்கி தன் பட்டியலில் சேர்த்து வைத்துள்ள இவ்வழக்கறிஞரைக் கோவை வட்டாரத்தில் ‘பேனல் வக்கீல்’ என்பர். விற்பவருக்கு அச்சொத்தின்மீது குறைவற்ற உரிமை உண்டா, அதை வங்கி ஈடாக ஏற்கலாமா என்ற வினாக்களுக்கு மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று முதலியவற்றைப் படித்து அவர் எழுதித் தரும் விடையே ‘லீகல் ஒப்பீனியன்’ எனப்படும் சட்டக் கருத்துரை. அதற்கான கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் பெறுபவரே செலுத்துகிறார்; ஆனால் கருத்துரை வங்கிக்கு எழுதப்பட்டு வங்கியின் கோப்பில் சேர்கிறது. ஒருவர் பணத்தில் மற்றொருவருக்குச் சொல்லப்பட்ட சொல்லை, பணம் தந்தவர் தமக்கும் சொல்லப்பட்டதாகக் கொள்ளலாமா என்பது சட்டத்தோடு முடிந்துவிடும் வினா அன்று. பிறர் சொல் எப்போது அறிவாகிறது என்ற பழைய மெய்யியல் வினாவே இங்கு கிரயப் பத்திரத்தின் வடிவில் வந்து நிற்கிறது.

அறிவைப் பெறும் வழிகளை ‘அளவை’ என்று தமிழ்ச் சைவ சித்தாந்தம் அழைக்கும். பிற மரபினர் பலவாக விரித்த அளவைகளை 13ஆம் நூற்றாண்டின் அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரில் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்கினார். காட்சி என்பது நேரில் காண்பது. கருதல் என்பது கண்டதைக் கொண்டு காணாததை ஊகிப்பது. உரை என்பது நம்பத்தக்கவரின் சொல்லால் அறிவது. அந்த நம்பத்தக்கவரை நியாய மரபு ‘ஆப்தன்’ என்கிறது. நியாய சூத்திரத்திற்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை உள்ளபடி அறிந்திருத்தல், அறிந்ததை அறிந்தவாறே உரைக்கும் விருப்பத்தோடு சொல்லுதல் ஆகியவற்றை ஆப்தனின் இலக்கணமாக வகுத்து, இவ்விலக்கணம் முனிவருக்கும் மேலோருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றார். எனவே ஒருவரை ஆப்தராக்குவது பிறப்போ பதவியோ அன்று. ஒரு பட்டியலில் பெயர் இடம்பெறுவதும் அன்று.

நிலத்தின் உரிமையைப் பொறுத்தவரை உரையளவையை விட்டால் வேறு வழியில்லை என்பதே உண்மை நிலை. மண்ணும் வேலியும் கண்ணுக்குத் தெரியும், உரிமை தெரியாது. பத்திரப் பதிவே உரிமைக்குச் சான்று என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்கிறதே தவிர, அதில் கூறப்பட்ட உரிமைக்குப் பொறுப்பேற்பதில்லை. முந்தைய மூல ஆவணத்தைக் காட்டினால்தான் பதிவு என்று வகுத்திருந்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55அ-வின் பகுதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோது, விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் பணி அன்று என்பதையே அடிப்படையாகக் கொண்டது. அரசு சொல்லாத அச்சொல்லை எவரேனும் ஒருவர் ஆராய்ந்து சொல்லியாக வேண்டும். வழக்கறிஞரின் தேவை அங்கிருந்தே எழுகிறது.

ஆவணத்தை ஆராய்ந்து சொல்லும் அறத்திற்குத் தமிழ்ச் சமய இலக்கியம் தரும் மிக நுட்பமான காட்சி பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் உள்ளது. பிற்காலத்தில் கொங்கு நாட்டுத் திருப்பதிகளான அவிநாசியையும் திருமுருகன்பூண்டியையும் பாடிய சுந்தரரை, அவரது திருமண நாளில் ஒரு முதியவர் தம் அடிமை என்று உரிமை கோரி ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி, அதாவது நெடுநாள் அனுபவம், எழுத்துச் சான்று, சாட்சியர் சொல் என்ற மூன்றில் ஒன்றை அவையோர் கேட்கின்றனர். கிழிபட்டது படியோலையே என்று கூறி முதியவர் மூல ஓலையை நீட்ட, அவையோர் அதை அப்படியே ஏற்றுவிடாமல், சுந்தரருடைய பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுகின்றனர். முதியவர் இறைவனே என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. படியை விட்டு மூலத்தைப் பார்ப்பதும், மூலத்தையும் மற்றொரு சான்றோடு ஒப்பிடுவதும் இன்றைய ஆவண ஆய்வின் நெறிகளாகவும் உள்ளன. ஆனால் அந்த அவை வழக்காடிய இருவருக்கும் பொதுவாக அமர்ந்து, இருவரும் கேட்கத் தன் முடிவைச் சொன்னது. பேனல் வழக்கறிஞரின் சொல்லோ ஒருவருக்கு மட்டும் உரியது.

வங்கி தன் பணத்தைப் பணயம் வைப்பதால், அதற்கு நல்லது வாங்குபவருக்கும் நல்லதுதானே என்ற வாதம் வலுவானது. ஆயினும் இருவரின் நலனும் ஓரளவே ஒன்றுபடுகின்றன. ரிசர்வ் வங்கியின் நெறிப்படி 30 லட்சம் ரூபாய் வரையான வீட்டுக்கடன் சொத்து மதிப்பில் 90 விழுக்காட்டையும், 30 முதல் 75 லட்சம் வரை 80 விழுக்காட்டையும், அதற்கு மேற்பட்ட கடன் 75 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. எஞ்சிய தொகை வாங்குபவரின் கைப்பணம். இழப்பு நேர்ந்தால் அதுவே முதலில் கரையும். சொத்து கைவிட்டுப் போனாலும் கடன் போவதில்லை. வங்கி கடனாளியின் வருமானத்தையும் ஜாமீன்தாரரையும் நாட முடியும். ஆகவே வங்கியின் வினா ‘இச்சொத்து கடனுக்குப் போதிய ஈடா?’ என்பது, வாங்குபவரின் வினா ‘இங்கே தலைமுறையாக நிம்மதியாக வாழ முடியுமா?’ என்பது. முதல் வினாவுக்குச் சொன்ன உண்மையான விடைகூட இரண்டாம் வினாவுக்கு விடையாகிவிடாது.

கொங்கு நாட்டு மனைகளில் இவ்வேறுபாடு கண்கூடு. சூலூர், அன்னூர், சரவணம்பட்டி ஆகிய பகுதிகளில் இன்று விற்கப்படும் மனைகளுள் பல, ஒரு தலைமுறைக்கு முன் தோட்டமாகவோ மேட்டாங்காடாகவோ இருந்தவை. அவற்றின் பழைய பத்திரங்களில் சர்வே எண்ணும் நான்கெல்லையும் மட்டுமன்றிப் பொதுக் கிணற்றில் இன்ன பங்கு, இட்டேரி வழியாக மாமூல் வண்டித்தடப் பாத்தியம் என்பனவும் எழுதப்பட்டிருக்கும். அத்தடத்தைப் பக்கத்துத் தோட்டத்தார் மறித்தால் ஈட்டின் மதிப்பு சற்றே குறையும். குடியிருப்பவருக்கோ அன்றாட வாழ்வே தடைபடும். அதனினும் கனமானது உடன்பிறந்தாளின் பங்கு. திருமணமாகாத மகளையும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்பால் உரிமையுள்ள பங்காளியாக்கிய தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அவ்வுரிமையை மகள்கள் அனைவருக்கும் விரித்தது. பூர்வீகத் தோட்டமொன்றை 1992இல் ஆண்மக்கள் மட்டும் கையெழுத்திட்டுப் பாகம் பிரித்திருந்தால், அன்று திருமணமாகாதிருந்த மகளின் கையெழுத்து எங்கே என்று கேட்க வேண்டியது ஆய்வாளரின் கடமை. அவர் ஒரு விடுதலைப் பத்திரம் பெறச் சொல்லலாம். அவ்வளவில் வங்கியின் ஐயம் தீரும். ஆனால் மணமகனோடு அவனுடைய சகோதரியையும் சிறப்பிக்கும் இணைச்சீரைத் திருமணச் சடங்காகப் போற்றும் நாட்டில், மனமுவந்து தராத கையெழுத்தின்மேல் எழும் வீட்டில் குடியேறலாமா என்பது வாங்குபவரின் அறத்தைச் சேர்ந்த வினா. அதை வங்கி கேட்காது. கேட்கும் கடமையும் அதற்கு இல்லை.

இதிலிருந்து பெறப்படும் நெறி தெளிவானது. ஆப்தனின் சொல் யாருக்குச் சொல்லப்பட்டாலும் சொன்ன அளவில் உண்மையே. கேட்ட எவரும் அதை ஏற்கலாம். மாறாக, அவர் சொல்லாமல் விட்டதைக் குறையில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்ளும் உரிமை, அவ்வினாவை அவரிடம் கேட்டவருக்கு மட்டுமே உண்டு. தன்னிடம் கேட்கப்படாததைப் பற்றி ஒருவர் மௌனமாக இருந்தால், அம்மௌனம் எதற்கும் சான்றாகாது. வங்கிகளே இந்நெறியில்தான் நடக்கின்றன. ஒரு வங்கியில் உள்ள வீட்டுக்கடனை வட்டி குறைவான மற்றொன்று ‘டேக் ஓவர்’ செய்யும்போது, முதல் வங்கியின் வழக்கறிஞர் ஏற்கெனவே ஆராய்ந்த அதே ஆவணங்களைப் புதிய வங்கி தன் வழக்கறிஞரைக் கொண்டு மீண்டும் ஆராயச் செய்வதே பொது வழக்கம். வேறொருவருக்குச் சொன்ன சொல்லை வங்கியே தனக்குப் போதுமென்று கொள்ளாதபோது, வாங்குபவர் மட்டும் அதை ஏன் போதுமென்று கொள்ள வேண்டும்?

இங்கிலாந்தில் வாங்குபவருக்கும் கடன் தரும் நிறுவனத்துக்கும் ஒரே வழக்கறிஞர் செயல்படுவது பெருவழக்கு. இருவர் நலனும் மோதினால் அவ்வாறு செயல்படக் கூடாதென்பது அங்குள்ள தொழில் நெறி. இந்தியாவிலோ பேனல் வழக்கறிஞர் வங்கிக்கு மட்டுமே கடமைப்பட்டவர். அக்கடமைக்கும் எல்லை உண்டு. மத்தியப் புலனாய்வுத் துறை தொடுத்த ஒரு வழக்கின் 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பில், கருத்துரை பிழையானது என்பதாலேயே வழக்கறிஞரைக் குற்றவாளியாக்க முடியாது என்றும், சதியில் பங்குகொண்டதற்குச் சான்று வேண்டும் என்றும், பெரும் அலட்சியம் தொழில் ஒழுங்கு நடவடிக்கைக்குரியது என்றும் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், உரிமை ஆய்வறிக்கைகளுக்கு ஒரே சீரான முறையும், அவற்றின் தரம் காக்கும் கட்டண நெறியும் வகுக்குமாறு ரிசர்வ் வங்கி உள்ளிட்டோரைக் கேட்டுக்கொண்டது. இவை தேவையான சீர்திருத்தங்கள். ஆயினும் தம் அறிக்கையை நம்பி ஒரு குடும்பம் நிற்கப்போகிறது என்பதை அறிந்து எழுதுகின்ற வழக்கறிஞருக்கு, ஐயத்திற்குரியதை வங்கிக்குத் தேவையில்லை என்று விடாமல் பதிவு செய்யும் அறக்கடமை உண்டு. கட்டணம் செலுத்தியவருக்கு அறிக்கையின் படியொன்றைத் தருவது வங்கியின் அறக்கடமை.

திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் ஆராயாமல் நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதையும் ஒருசேரக் கடிகிறது. இவ்விரண்டு பிழைக்கும் இடம் கொடாத வழி, வாங்குபவர் தம் வினாக்களைத் தாமே வகுத்து, தமக்கே கடமைப்பட்ட ஒரு வழக்கறிஞரிடம் அவற்றைக் கேட்டு, எழுத்தில் விடை பெறுவதே. அதற்கு ஆகும் செலவு கிரயத் தொகையின் முன் மிகச் சிறியது. வங்கியின் ஒப்புதல் கடனைப் பெற்றுத் தரும். நம்பிக்கையை அவரவரே கேட்டுப் பெற வேண்டும்.