விதி என்று சொல்வதற்கு முன்

பிள்ளைப்பேற்றில் தாய் இறந்துபோன வீட்டில் முதலில் காதில் விழுவது, "அவட எழுத்து அவ்வளவுதான்" என்ற பேச்சு. கிழக்கிலங்கையில் ஈச்சிலம்பற்றுப் பக்கம் மருத்துவமாதாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். வெருகல் சித்திரவேலாயுதருக்குக் கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை என் அடுப்பில் மச்சம் ஏறாது. வினையையும் விதியையும் நம்புகிற குடும்பத்தில் பிறந்தேன், இன்றும் நம்புகிறேன். நம்புகிறவள் என்பதால்தான், அந்தப் பேச்சை யார், எப்போது பேசலாம் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

ஒரு நோயை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊரில் "பிரஷர் கூடினது" என்பார்கள், வைத்தியர்கள் பிரீஎக்லம்சியா என்பார்கள். கர்ப்பத்தில் 20 கிழமை கடந்த பிறகு இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டும். அதோடு சிறுநீரில் புரதம் போகும், அல்லது சிறுநீரகம், ஈரல், மூளை என்று உறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். முற்றினால் வலிப்பு. பழைய முறையில் நாங்கள் சோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து, மேற்பகுதியை மட்டும் சுடரில் பிடிப்போம். கலங்கினால் சில துளி அசற்றிக் அமிலம் விடுவோம். கலங்கல் கரைந்துபோனால் பயமில்லை. கரையாமல் வெள்ளையாக நின்றால் அது அல்புமின். அந்த வெள்ளையை நான் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம், சிறுநீருக்குரிய பிள்ளை பக்கத்து வாங்கில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருப்பாள். அவளுடைய உடம்பில் நடப்பது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு "எல்லாம் அவன் செயல்" என்று நான் குழாயைக் கழுவி வைத்தால், அவன் பெயரைச் சொல்லி நான் செய்கிற பாவம் அது.

ஆற்றோரக் கிராமம் ஒன்றில், தலைப்பிள்ளைக்காரி ஒருத்திக்கு இரவு முழுக்கத் தலையிடி, நெஞ்சுக்குழிக்குக் கீழே நோவு. வாய்வு என்று ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். விடியப்புறம் கண்ணுக்குள் மின்னுது என்றதும் மாமியார் பயந்து, பார்வை பார்க்கிற கட்டாடியாரைக் கூட்டிவந்தார். வேப்பிலையோடு வந்த அந்தக் கிழவர் அவளுடைய வீங்கிய முகத்தைப் பார்த்தார். கணைக்காலைப் பெருவிரலால் அமத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. "இது என்ட வேலையில்ல, மிஸ்ஸியக் கூப்பிடுங்க" என்றார். நான் கைப்பட்டை கட்டிப் பார்த்தபோது பிரஷர் 170/110. உழவு இயந்திரப் பெட்டியில் பாய் விரித்துக் கொண்டுபோனோம். மக்னீசியம் சல்பேற் ஏற்றினார்கள், வலிப்பு வராமல் தப்பினாள், பிள்ளையும் தப்பியது. கட்டாடியார் அவளுக்குத் திருநீறு பூசித்தான் எங்களை அனுப்பிவைத்தார். தன் தெய்வம் தன் வேப்பிலைக்குள் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு தெளிவை நான் பெரிய பிரசங்கிகளிடமும் கண்டதில்லை.

இந்த நோயின் வேர் எங்கே என்று நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் பழி வந்து குந்திக்கொண்டது. உச்சிப்பொழுதில் ஆற்றுக்குப் போனாள், நேர்த்தியை மறந்தாள், முற்பிறப்பில் எவருக்கோ கேடு செய்தாள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பொஸ்டன் நகரில் சிறுநீரக வைத்தியராக இருந்த ஆனந்த் கருமாஞ்சியும் அவருடைய கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பழிக்கு ஒரு பதில். நச்சுக்கொடி தொடக்கத்தில் கர்ப்பப்பை நாளங்களைச் சரியாக அகலச் செய்யாவிட்டால், பிறகு அதற்கு இரத்தம் போதாமல் போகிறது. அப்போது அது எஸ்-எஃப்எல்டி-1 என்ற புரதத்தை அளவுக்கு மிஞ்சித் தாயின் இரத்தத்தில் விடுகிறது. தாயின் நாளங்களைப் பேணுகிற பிஎல்ஜிஎஃப் போன்ற புரதங்களை அது பிடித்து முடக்குகிறது. கர்ப்பமான எலிகளுக்கு அந்தப் புரதத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. எலி எந்த நேர்த்தியை மறந்தது?

இந்த இரண்டு புரதங்களின் விகிதத்தை இப்போது இரத்தத்தில் அளக்கலாம். இங்கிலாந்தில் இத்தகைய சோதனைகளை 2016இலிருந்து பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. சோதிடம்போல் இது வருங்காலத்தைச் சொல்லிவிடுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. 2016இல் வந்த பெரிய ஆய்வின்படி, நோய் இருக்குமோ என்ற சந்தேகம் உள்ள தாய்க்கு விகிதம் 38 அல்லது அதற்குக் குறைவு என்றால், அடுத்த ஒரு கிழமைக்கு நோய் வராது என்று 100க்கு 99க்கு மேல் நம்பிச் சொல்லலாம். 38ஐத் தாண்டியவர்களில் நான்கு கிழமைக்குள் நோய் கண்டவர்களோ மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். தலையெழுத்தை வாசிக்கிற கருவி இப்படியா இருக்கும்? இது கொடுப்பது தீர்ப்பை அல்ல, ஒரு கிழமை அவகாசத்தை. 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், ஆபத்து அதிகம் என்று முதல் மூன்று மாதத்துக்குள் கண்டுகொண்ட தாய்மாருக்கு இரவில் 150 மில்லிகிராம் அஸ்பிரின் கொடுத்தார்கள். 37 கிழமைக்கு முன் பிரசவிக்க வேண்டிவந்த பிரீஎக்லம்சியா 4.3 வீதத்திலிருந்து 1.6 வீதமாக இறங்கியது. ஒரு சின்ன வெள்ளைக் குளிசைக்கு அழிகிற எழுத்தைக் கடவுள் எழுதியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். குளிசையை அவர்தான் காட்டித்தந்தார் என்றால் நம்புவேன்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைப்பேற்றுக்கு வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட, சிவனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார் என்பது தலபுராணம். சிறுவயதில் அதைக் கேட்டபோது, வந்தது கடவுள் என்பதுதான் அதிசயமாக இருந்தது. வேலைக்கு வந்த பிறகு எனக்கு அதிசயம் வேறு. அவர் வெள்ளத்தை நிறுத்தவில்லை. வலி இல்லாமல் செய்யவில்லை. வேலை தெரிந்த ஒருத்தியாக வந்து, வெந்நீர் வைத்து, பக்கத்தில் இருந்தார். எங்களுக்கும் இப்படி ஓர் ஆறு. 2011இல் பாலம் திறக்கும்வரை வெருகல் ஆற்றைப் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் கடந்தோம். மாரியில் மகாவலி பெருகினால் அதுவும் ஓடாது. அக்கரையில் ஒரு தாயும் இக்கரையில் கைப்பட்டையோடு நானும் நின்றிருக்கிறோம். அருள் இறங்கும் வழியில் பாதையும் பாலமும் சேர்த்திதான் என்று அந்தக் கரையில் நின்றவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால், எவரும் போய்ச்சேராத தாய்மாருக்கு அருள் இல்லையா? இதற்கு என்னிடம் விடை கிடையாது. ஆனால் விடை இல்லாத அந்தக் குழியைக் கர்மவினை என்ற மண்ணைப் போட்டு நிரப்புவதை எதிர்க்கிறேன். எங்கள் நாட்டில் தாய் ஒருத்தி இறந்தால், எங்கே பிந்தியது என்று கூடியிருந்து விசாரிக்கிற வழக்கம் சுகாதாரத் துறையில் உண்டு. வீட்டில் முடிவெடுக்கப் பிந்தியதா, வழியில் பிந்தியதா, ஆஸ்பத்திரியில் பிந்தியதா? தாட்டியஸ், மெய்ன் என்ற இருவர் 1994இல் வகுத்துச் சொன்ன மூன்று தாமதங்கள் இவை. போரும் பிந்தவைக்கும். 2006இல் மாவிலாற்றில் மூண்ட சண்டை, ஈச்சிலம்பற்றுச் சனங்களை வாகரைக்கும் பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் துரத்தியது. ஷெல்லுக்குத் தப்பி ஓடுகிற கர்ப்பிணியின் பிரஷரை எவர் பார்ப்பது? அந்த ஓட்டத்தில் ஒருத்தி போயிருந்தால், அதையும் அவளுடைய எழுத்து என்று சொல்லத் துணிவோமா? மூன்று தாமதங்களையும் கேட்டு முடித்த பிறகு எஞ்சுவது எதுவோ, அதற்குத்தான் விதி என்ற பெயர் பொருந்தும். எஞ்சுவதும் இருக்கத்தான் செய்கிறது. 27 கிழமையில் நோய் முற்றினால், பிள்ளையை வெளியே எடுப்பதே தாய்க்கு மருந்து. பிள்ளைக்கோ அது பெரும் ஆபத்து. எந்தச் சோதனையும் அந்த முடிவை எடுத்துத்தராது. அங்கே நானும் கைகூப்பியிருக்கிறேன், வைத்தியரும் கைகூப்பக் கண்டிருக்கிறேன்.

விகிதம் பார்க்கிற சோதனை எங்கள் களக் கிளினிக் வரை வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கைப்பட்டையும் சிறுநீர்ச் சோதனையும் இன்றைக்கே உண்டு, அதற்குத் தாய் வந்தால் போதும். வெருகல் திருவிழாவுக்குத் திருகோணமலையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் சனம் நடந்தே வருகிறது. பூசை நேரமும் தவறிப்போன பிள்ளைகளின் விபரமும் சொல்கிற ஒலிபெருக்கியில் இதையும் சொல்லலாம்: கர்ப்பிணிக்கு விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது மின்னல், நெஞ்சுக்குழிக்குக் கீழே நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல், இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நேர்த்தியைப் பிறகு வந்து செய்யலாம். கோயிலார் சம்மதித்தால் நானே வந்து வாசிக்கிறேன்.