யார் செய்த குற்றம்?

குறையுள்ள குழந்தையொன்று ஒரு வீட்டில் பிறந்துவிட்டால், சுற்றத்தார் கேட்கும் முதற்கேள்வி, “இது யார் செய்த குற்றம்?” என்பதே. தாய் உண்ட உணவையும், கிரகணத்தன்று அவள் வெளியே வந்ததையும், முன்னோர் செய்த பாவத்தையும் காரணமாகச் சொல்வோர் உளர். இக்கேள்விக்கு விஞ்ஞானம் தரும் விடையை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மனித உடலின் உயிரணுக்களில் பொதுவாக 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக உள்ளன. கருமுட்டையும் விந்தணுவும் உருவாகுங்கால் இந்த ஜோடிகள் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் 23 வீதம் சேரவேண்டும். சிற்சில வேளைகளில் ஒரு ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விடுகிறது. அவ்விதம் 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்துவிடுவதாலேயே பெரும்பாலும் ‘டவுன் சிண்ட்ரோம்’ உண்டாகிறது. இந்நிலையை ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவர் 1866-இல் விவரித்தார். அதன் காரணத்தை 1959-இல்தான் பிரெஞ்சு ஆய்வாளர்களான லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் ஆகியோர் வெளியிட்டனர். இடைப்பட்ட 93 ஆண்டுகளில் எத்தனை தாய்மார் வீண்பழி சுமந்தனரோ!

இப்பிழை பெரும்பாலும் கருமுட்டையில் நிகழ்வது மெய்தான். உடனே, “தாய்தானே காரணம்?” என்று சிலர் கேட்கக்கூடும். அன்பர்களே, சற்றுப் பொறுங்கள். ஒரு பெண்ணின் கருமுட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, இடையில் நின்றுவிடுகின்றன. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே அப்பிரிவு தொடர்கிறது. குரோமோசோம்களைப் பிணைத்து நிற்கும் புரதங்கள் அதற்குள் தளர்ந்துவிடலாம். ஆகவேதான் 25 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,200-இல் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, 40 வயதில் 100-இல் ஒன்று என்ற அளவுக்கு உயர்கிறது.

காரணம் வேறு, குற்றம் வேறு. அறிந்தும் விரும்பியும் செய்வதே குற்றம். தான் பிறக்குமுன்பே தொடங்கிய ஒரு காரியத்தின் முடிவுக்கு ஒருத்தியைக் குற்றவாளியாக்குவது எந்த நியாயம்? “நாற்பது வயதில் ஏன் பிள்ளை பெற்றாள்?” என்பாரும் உண்டு. அதே வயதில் நலமான மகவைப் பெற்ற மற்ற 99 பேரை நாம் வாழ்த்தத்தானே செய்கிறோம்!

ஆனால் நம்மைச் சாரும் பொறுப்பு ஒன்றுண்டு. டவுன் சிண்ட்ரோம் உடையோரின் சராசரி ஆயுள், அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டளவில் சுமார் 10 ஆண்டுகளே. இன்று அது 60-ஐ நெருங்குகிறது. குரோமோசோம்கள் மாறிவிடவில்லை. இருதயக் குறைக்குச் சிகிச்சை கிடைத்தது, விடுதிகளில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வீட்டிலே வளர்ந்தனர், பள்ளிக்குச் சென்றனர். அக்குழந்தையைப் பின்னறையில் மறைத்து வைத்து, தாயையும் தூற்றுவோமாயின், அது நாம் அறிந்தே செய்யும் குற்றமாகும். அதற்கு எந்த உயிரணுவின் மீதும் நாம் பழிபோட முடியாது.