திட்டம் நம்முடையது, திருவுளம் இறைவனுடையது

தீய ஆசையைத் துறப்பது கடினம். நல்ல ஆசையைத் துறப்பதோ அதனினும் கடினம். 'இதை எனக்காகவா கேட்கிறேன்? இறைவனுக்காக அல்லவா!' என்று மனம் வாதிடும். அந்த வாதத்தின் பின்னால் 'நான்' ஒளிந்திருப்பது எளிதில் புலப்படாது. கிறிஸ்தவ மகானாகிய புனித இஞ்ஞாசியாரின் (1491-1556) வாழ்க்கை இதற்குச் சிறந்த விளக்கமாகும்.

ஸ்பெயின் நாட்டின் லொயோலாவில் பிறந்த அவர் ஒரு போர்வீரர். 1521-இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவரது காலை முறித்தது. நோய்ப்படுக்கையில் வீரசாகசக் கதைகளைக் கேட்டார். கிடைத்தவையோ இயேசுநாதரின் வரலாறும் புனிதர்களின் வரலாறுகளும். அப்போது அவர் ஒன்றைக் கவனித்தார். உலகப் புகழைப் பற்றிய கற்பனைகள் சிறிது நேரம் இனித்து, பின்னர் வெறுமையைத் தந்தன. இறைத்தொண்டைப் பற்றிய எண்ணங்களோ மறைந்த பின்னரும் அமைதியை விட்டுச்சென்றன. இறைவனின் வழிகாட்டுதலைப் பகுத்தறியும் கலையை அவர் இவ்வாறே கற்கத் தொடங்கினார்.

ஜெருசலேமுக்குச் சென்று, இயேசு நடந்த மண்ணிலேயே இறுதிவரை வாழ வேண்டும் என்பது அவரது திட்டம். பிச்சையேற்றுப் பயணம் செய்து 1523-இல் அங்குச் சேர்ந்தார். ஆனால் புனிதத் தலங்களின் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் துறவியர் தலைவர் அவர் அங்குத் தங்குவதற்கு இசையவில்லை. ஆபத்துக்கு அஞ்சுபவரல்லர் இஞ்ஞாசியார். எனினும், திருச்சபை அளித்த அதிகாரத்தின் பெயரால் ஆணை பிறந்ததும் பணிந்தார். தாம் அங்கு இருப்பது இறைவனின் திருவுளம் அன்று என்று ஏற்றுத் திரும்பினார். முப்பது வயதைக் கடந்த அந்த வீரர், பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து லத்தீன் இலக்கணம் பயின்றார்!

1534-இல் பாரிஸில் அவரும் ஆறு தோழர்களும் மீண்டும் ஜெருசலேம் செல்ல உறுதி பூண்டனர். ஆனால் இம்முறை ஒரு நிபந்தனையையும் சேர்த்தனர்: ஓராண்டு காத்திருந்தும் பயணம் கைகூடாவிடில், போப்பாண்டவர் அனுப்பும் இடத்திற்குச் செல்வது. வெனிஸுக்கும் துருக்கியருக்கும் மூண்ட போரால் 1537-இல் கப்பல் கிடைக்கவில்லை. அவர்கள் ரோமாபுரிக்குத் திரும்பினர். அங்கே 1540-இல் இயேசு சபை அங்கீகாரம் பெற்றது.

அதே ஆண்டில் இந்தியாவிற்குச் செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட தோழர் நோயுற்றார். அவருக்குப் பதிலாகப் புறப்பட்டவரே பிரான்சிஸ் சவேரியார். 1542-இல் கோவாவை அடைந்த அவர், அவ்வாண்டே நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் கற்றுப் பரதவ மக்களிடையே பணியாற்றினார். ஒருவருக்கு மூடிய கதவு, எத்தனை பேருக்கு வாயிலாயிற்று!

அப்படியானால் தடைகள் யாவும் இறைவனின் ஆணைதாமா? அல்ல. ஸ்பெயினில் ஐயத்தின்பேரில் இஞ்ஞாசியார் சிறையில் அடைக்கப்பட்டார். படிப்பு முடியும்வரை சில பொருள்களைப் பற்றிப் போதிக்கக் கூடாதெனத் தடுக்கப்பட்டார். அவரோ தொண்டைக் கைவிடாமல், பாரிஸ் சென்று கல்வியைத் தொடர்ந்தார். வழியை மாற்றினார், இலக்கை மாற்றவில்லை. ஜெருசலேம் என்னும் இடத்தை இறைவனுக்காகத் துறந்தார். இறைத்தொண்டை எதற்காகவும் துறக்கவில்லை. எதை விடுவது, எதைப் பற்றுவது என்னும் இந்த விவேகமே சரணாகதியைச் சோம்பலிலிருந்து பிரிக்கிறது.

தாம் நிறுவிய சபையே கலைந்துபோனாலும், கால் மணி நேரப் பிரார்த்தனை தம் மனத்தை அமைதிப்படுத்திவிடும் என்று அவர் கூறியதாகச் சொல்வர். நாமும் நம்மைச் சோதித்துப் பார்க்கலாம். நம் திட்டம் நாளையே கலைந்தால் கால் மணி நேரப் பிரார்த்தனை நமக்குப் போதுமா? போதுமெனில், அத்திட்டம் இறைவனின் கரங்களில் இருக்கிறது. போதாதெனில், அது இன்னும் நம் கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. திட்டமிடுவோம், அயராது உழைப்போம். ஆனால் பிடியைத் தளர்த்தி வைப்போம். திறந்த கையில்தான் இறைவன் எதையும் வைக்க முடியும்.