வயதும் விரதமும்



"இது பொருளீட்டும் வயது; அறத்தை முதுமையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பர் இளைஞர். பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் மருத்துவம் என்னும் இரு சுமைகளுக்கிடையே நிற்கும் நாற்பது வயதினரோ, "கடமைகள் முடியட்டும்" என்பர். இளமை பொருளுக்கு, நடுவயது குடும்பத்திற்கு, முதுமை அறத்திற்கு என வாழ்வைக் கூறுபோட்டது யார்? நம் ஆகமம் அன்று.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இல்லறத்தார்க்குப் பதினொரு படிகளை வகுத்தருளினார். நற்காட்சி, விரதம், சாமாயிகம் எனத் தொடங்கி, தமக்கெனச் சமைத்த உணவையும் விலக்கும் நிலையில் அவை நிறைவுறுகின்றன. எந்தப் படிக்கும் இத்தனை வயது என்னும் வரையறை இல்லை. ஏற்ற விரதமே ஏறிய படி. ஆதலின், முப்பது வயதில் மணமாகாத மகனையோ மகளையோ 'இன்னும் நிலைபெறவில்லை' எனப் பழித்தல் தகாது. விரதத்தில் நிலைபெற்றவரே நிலைபெற்றவர்.

திருத்தக்கதேவர் காட்டும் சீவகன் துறவெண்ணம் கொண்டது நோய்ப் படுக்கையில் அன்று. தேவியரோடு சோலையில் இன்புற்றிருந்த பொழுதிலேயாகும். கடுவன் மந்திக்களித்த பலாச்சுளையைக் காவலன் பறித்தான். அதனைக் கண்ட சீவகன், தன் அரசுரிமையும் இவ்வாறு கைமாறி வந்ததே என உணர்ந்தான். காட்சி சிறிது, கண்டவன் காலம் தாழ்த்தவில்லை.

சீவகனைப் போல் இன்றே துறக்குமாறு உங்களைக் கூறவில்லை. கடமைகளைக் கைவிடவும் வேண்டா. வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம், காலவரையறையோடு ஏற்பது நியமம் என ஆசாரியர் இருவகை காட்டியுள்ளார். நியமம் நமக்கு எளிய வாயில். இரவுப் பணியிலிருக்கும் இளைஞர், விடுமுறை நாளிலேனும் கதிரவன் மறையுமுன் உண்ணலாம். நடுவயதினர் இரண்டாவது மனைக்கு முன்பணம் கொடுக்குமுன், "எனக்கு இவ்வளவு போதும்" என்று ஓர் அளவை வரைந்துகொள்ளலாம். நாள்தோறும் ஒரு நாழிகை சாமாயிகம் செய்யலாம். மடங்க மறுக்கும் முழங்காலோடு அதனைப் புதிதாகப் பழகுதல் எளிதன்று.

பெற்றோர் ஏற்ற நியமத்தைப் பிள்ளைகள் காண்பர். அறிவுரையை மறப்பர், கண்டதை மறவார்.

முதுமை வரும் என்பதற்கு உறுதியில்லை. வந்தாலும், இளமையில் விதைத்ததையே அது அறுவடை செய்யும். இன்று மாலை கதிரவன் மறையுமுன் ஒரு நியமம் ஏற்போமாக.

ஜினதர்மம் வெல்க!