எண்ணப்படாதவர்கள்

நம் நாட்டில் மேல்நிலைக் கல்வி முடிந்ததும் நுழைவுத் தேர்வெழுதி மருத்துவக் கல்லூரியில் சேரலாம். அமெரிக்காவில் அவ்வாறன்று. முதலில் 4 ஆண்டுப் பட்டப்படிப்பு. அதன் பின்னரே 4 ஆண்டு மருத்துவப் படிப்பு. 1893-இல் பால்டிமோரில் தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி, பட்டம் பெற்றோரையே சேர்ப்பதென விதித்தது. 1910-இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை அப்பள்ளியையே ஏனையவற்றிற்கு அளவுகோலாக்கிற்று. இன்று மருத்துவம் நாடும் மாணவர் வரலாற்றையோ இலக்கியத்தையோகூடத் தம் பட்டத்திற்குரிய பாடமாகக் கொள்ளலாம். உடன் உயிரியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றையும் கற்று, எம்கேட் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பிக்கின்றனர்; இடம் பெறுவோர் அவர்களுள் பாதிக்கும் குறைவே.

இந்நிலையில், அந்த முதல் 4 ஆண்டுகளை எந்தப் பல்கலைக்கழகத்தில் கழிப்பது? அங்குக் குடியேறிய நம்மவர் குடும்பங்களிலும் எழும் வினாவே இது. பெற்றோர் முதலில் நோக்குவது ஒரு விகிதத்தை. "எங்கள் மாணவருள் விண்ணப்பித்தோரில் நூற்றுக்கு இத்தனை பேர் மருத்துவப் பள்ளியில் இடம் பெற்றனர்" எனக் கல்லூரிகள் பெருமையுடன் கூறிக்கொள்கின்றன.

அந்த எண் மெய்யாகவே இருக்கலாம். மெய்யான எண் பொய்யுரைக்குமா என்பதே நம் வினா.

பல கல்லூரிகளில் மருத்துவ விண்ணப்பதாரருக்கெனப் பேராசிரியர் குழுவொன்று உண்டு. அது மாணவரை ஆராய்ந்து பரிந்துரை மடல் எழுதும். அத்தகைய குழுவுள்ள கல்லூரியிலிருந்து மடலின்றி ஒருவர் விண்ணப்பித்தால், ஏன் இல்லையென மருத்துவப் பள்ளி ஐயுறும். சில குழுக்கள் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழுள்ளோர்க்கு மடல் தருவதில்லை. அவருட் பலர் விண்ணப்பிக்காமலே விலகுவர். விண்ணப்பிக்காதவர் விகிதத்தில் சேரார். கரிம வேதியியலில் இடறி இரண்டாம் ஆண்டிலேயே வேறு துறைக்கு மாறியோரும் அவ்வாறே. தேறாதோரை முன்னரே நீக்கிவிட்டால் எத்தனை உயர்ந்த விகிதத்தையும் காட்டிவிடலாமன்றோ?

குழுவின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. விண்ணப்பித்தலே பெருஞ்செலவு. இடம் கிட்டாதென அறிந்தும் இளைஞனை ஊக்குவது அன்பாகாது. உண்மையை எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். ஆனால் அவ்வுண்மையை முதலாண்டிலேயே கூறி, குறையை நிறைவு செய்ய வழிகாட்டுவது ஒன்று. நான்காம் ஆண்டில் மடலை மறுத்து, அம்மறுப்பால் உயர்ந்த விகிதத்தை அடுத்த ஆண்டு மாணவரை ஈர்க்கும் விளம்பரமாக்குவது மற்றொன்று. பின்னதில், ஒருவனது தோல்வி மறைக்கப்படுவது மட்டுமன்றி விற்கப்படவும் செய்கிறது. இதனை நேர்மையென ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

மாற்றுவழி இல்லையா? பிளெக்ஸ்னர் அறிக்கையை அடுத்த ஆண்டுகளில், ஆப்பிரிக்க அமெரிக்கருக்கென இருந்த 7 மருத்துவப் பள்ளிகளுள் 5 மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹாரியுமே எஞ்சின. அச்சமூகத்தின் மாணவருக்கென 1925-இல் நியூ ஆர்லியன்ஸில் எழுந்தது லூசியானா சேவியர் பல்கலைக்கழகம். ஏறத்தாழ 3,000 மாணவரே பயிலும் சிறு நிறுவனம். பள்ளியில் போதிய அறிவியற் பயிற்சி வாய்க்காதோரையும் அது சேர்த்துக்கொண்டது. கோடைக்கால வகுப்புகள், குழுவாக அமர்ந்து ஒருவருக்கொருவர் கற்பித்தல் முதலியவற்றால் அவர்களை உயர்த்திற்று. பெரும்பொருள் படைத்த புகழ்மிகு பல்கலைக்கழகங்களையும் விஞ்சி, மருத்துவப் பள்ளிகளுக்கு ஆப்பிரிக்க அமெரிக்க மாணவரை மிகுதியாக அனுப்பும் நிறுவனமெனப் பல்லாண்டுகளாக அது பெயர் பெற்றிருக்கிறது.

எனவே கல்லூரியைக் காணச் செல்லும் தந்தை கேட்க வேண்டியவை வேறு. முதலாண்டில் மருத்துவம் நாடி வந்தோர் எத்தனை பேர்? அவருள் விண்ணப்பித்தோர் எத்தனை பேர்? மடல் எவருக்கு மறுக்கப்படுகிறது? இடையில் விலகியோர் இன்று என்ன செய்கின்றனர்? கடைசி வினாவுக்கு விடை வைத்திருக்கும் கல்லூரியாயின், விகிதம் சற்றுத் தாழ்ந்திருப்பினும் அங்கே மகளைச் சேர்க்க நான் தயங்கேன்.